குரங்கணியில் ஓர் உஷ்ணக் குளியலறை

'படார்' என்று ஒரு சத்தம்.

கருப்பம்மாள் முதல் செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு இரண்டாவது செம்புக்குக் கை நீட்டியிருந்தாள். கண்ணெல்லாம் சீயக்காய். சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. பார்த்திருந்தாலும் பிரயோசனமில்லை, அந்தப் பக்கத்து மறைப்பே அங்கே இல்லை. நாலு கம்பு நட்டு ஏலக்காய்ச் சாக்கைச் சுற்றிக் கட்டிய அவளுடைய குளிக்கிற மறைப்பை, பின்பக்கமாக உருண்டு வந்த ஒரு ஜீப்பு அப்படியே முதுகில் போட்டுக்கொண்டு நின்றது.

நல்லவேளை, மலையில் பெண்கள் மாரோடு சேலையைக் கட்டிக்கொண்டுதான் குளிப்பார்கள்.

"எந்த எடுபட்ட பயடா அது!" என்று செம்பை ஓங்கினாள்.

முகத்தில் விழுந்த சாக்கை விலக்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். சபாரி சட்டை, கையில் தோல் பை. ஈரச்சேலையோடு ஒரு பெண்பிள்ளை நிற்பதைக் கண்டதும் மரியாதையாக முதுகைத் திருப்பி, எதிரே இருந்த பலாமரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வணக்கம்மா. என் பேரு வெள்ளைத்துரை. மலைச்சரிவு வசதி வாரியத்தோட போடி வட்டாரப் பொறியாளர். உங்களுக்குப் பாத்ரூம் கட்டிக் கொடுக்கத்தான் வந்திருக்கோம்."

"இருந்த பாத்ரூமை இடிச்சிட்டா?"

"முதல் கட்டம் அதுதானேம்மா" என்றார் வெள்ளைத்துரை பலாமரத்திடம்.

வேறு நேரமாக இருந்தால் கருப்பம்மாள் அந்த ஆளைச் செம்பாலேயே அடித்துப் போடி வரை விரட்டியிருப்பாள். ஆனால் 'பாத்ரூம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. காரணம் இருந்தது.

கருப்பம்மாள் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பவள். புருஷன் கோட்டைச்சாமிக்கு ஸ்டோரில் அடுப்புச் சோலி. பச்சை ஏலக்காயைக் காயவைக்கிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்றுதான் பெயர். விறகு போட்டு அதை ஆறாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே மகள், சந்திரவல்லி. பொட்டிபுரத்தில் நஞ்சை, கிணறு என்று வசதியான சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். ஆனால் அந்த வழக்கத்துக்குச் சம்பந்தி சுருளியம்மாள் வளைகாப்புச் சபையிலேயே ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்.

"மதினி, தப்பா நெனக்காதீக. எங்க எதிர்வீட்ல ஒரு ஆபீசர் குடியிருக்காரு. அவுக பாத்ரூமைப் பார்த்துதான் நாங்களும் கட்டுனோம். என் மருமக இனிமே சாக்கு மறைப்புக்குள்ள குளிக்கிறது எங்களுக்கு மரியாதையில்ல. ஆபீசரு குளிக்கிற மாதிரி ஒரு எடம் இருக்குன்னு சொல்லுங்க, நானே ஜீப்பு பிடிச்சுக் கொண்டாந்து விடுறேன். இல்லையா, எங்க வீட்லயே பெத்துக்கட்டும்."

அந்த மருமகள் பிறந்ததிலிருந்து அந்தச் சாக்கு மறைப்புக்குள் குளித்து வளர்ந்தவள்தான் என்று சபையில் யார் எடுத்துச் சொல்வது? சந்திரவல்லியே சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வளையலை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மகளைத் தன் கையால் குளிப்பாட்ட முடியாதோ என்ற கவலையில் கருப்பம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் வாரியத்து ஜீப்பு பின்பக்கமாக வந்து மோதியது.

இனி, அந்த ஜீப்பு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் வெள்ளைத்துரை சென்னையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தார். வெளிநாடு சுற்றி வந்த நிபுணர் ஒருவர் மலைப்பிரதேசக் குளியலறைகளைப் பற்றிப் பேசினார். குளிர் ஊரில் பளிங்கையும் வெள்ளைப் பீங்கான் ஓடுகளையும் பதித்து ஆஸ்பத்திரி மாதிரி ஆக்காதீர்கள், மரம், மூங்கில், நாட்டுக்கல் என்று கண்ணுக்கும் காலுக்கும் இதமாக இருக்கிறவற்றை வைத்துக் கட்டுங்கள் என்பதுதான் பேச்சின் சாரம். நல்ல பேச்சு. ஆனால் அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. வெள்ளைத்துரை பாயசம் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டிருந்தார். கைதட்டல் சத்தத்தில் அவர் விழித்தபோது நிபுணர் கடைசியாகச் சொன்ன மூன்று வார்த்தைகள்தான் காதில் விழுந்தன: "வார்ம் நேச்சுரல் மெட்டீரியல்ஸ்."

மூன்று வார்த்தைகள் ஒரு திட்டத்துக்குத் தாராளம். இதைவிடக் குறைவான வார்த்தைகளில் வாரியம் இரண்டு பாலம் கட்டியிருக்கிறது.

போடி ஆபீசுக்குத் திரும்பியதும் தலைமை எழுத்தர் பால்பாண்டியைக் கூப்பிட்டார்.

"பால்பாண்டி, 'வார்ம்'னா தமிழ்ல என்னய்யா?"

"சூடு சார். ஆனா கோப்புல சூடுன்னு எழுதினா யாரோ யாருக்கோ சூடு போட்ட மாதிரி இருக்கும். உஷ்ணம்னு போடுவோம்."

"நேச்சுரல்?"

"இயற்கை."

ஆக, 'உஷ்ணமான இயற்கைப் பொருட்களால் கர்ப்பிணிப் பெண்களுக்கு மாதிரிக் குளியலறை' என்று திட்டம் பிறந்தது. கர்ப்பிணிகள் எங்கிருந்து வந்தார்கள் என்றால், அந்த வருஷம் கர்ப்பிணிகள் பெயரில் வந்த நிதி மட்டும்தான் செலவாகாமல் கிடந்தது.

உஷ்ணம் என்று எழுதிய பிறகு போடியில் பிறந்த எவருக்கும் அதில் சந்தேகம் வராது. மாம்பழம் உஷ்ணம், மோர் குளிர்ச்சி. கொள்ளு உஷ்ணம், வெந்தயம் குளிர்ச்சி. பொறியியல் படிப்பில் மறந்தது எவ்வளவோ இருக்கலாம், இது மறக்காது.

வாரியத்தின் முதல் கூட்டத்தில் சில அடிப்படையான முடிவுகளை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கூட்டத்துக்குக் கருப்பம்மாளையும் வரச் சொன்னார்கள். 'பயனாளிப் பிரதிநிதி' என்று அவளுக்கு ஒரு பெயரும் கொடுத்து, கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை மொக்கையன் உட்கார்ந்திருந்தார். அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது.

"மொக்கையண்ணே, எதெல்லாம் உஷ்ணம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் வெள்ளைத்துரை.

"தாராளமா. யாருக்கு?"

"பாத்ரூமுக்கு."

மொக்கையன் முகத்தில் கவலை படர்ந்தது. "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"நோய் இல்லண்ணே. புதுசாக் கட்டப் போறோம்."

"அப்ப கைப்பிள்ளைப் பருவம்னு வச்சுக்கிடுவோம்" என்று மொக்கையன் சமாதானமாகி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

பொருள் பொருளாக விவாதம் நடந்தது.

"கருங்கல்லு?"

"ஆகாது. குளிர்ச்சி. காலையில உக்காந்து பாருங்க, தெரியும்."

"செங்கல்லு?"

"சூளையில வெந்தது. உஷ்ணம்."

"சிமெண்ட்டு?"

"தண்ணி ஊத்தி ஊத்தி ஆத்துறாகல்ல? குளிர்ச்சி. சுண்ணாம்பு போடுங்க. வெத்தலையில கூடிப்போனா நாக்கு என்னாகுது?" மொக்கையன் நாக்கை நீட்டிக் காட்டினார். சபை திருப்தியோடு பார்த்தது.

"மூங்கில்?"

"தண்ணி ஓரமா வளருது. சளி பிடிக்கும்."

"யாருக்கு?"

"சுவத்துக்கு."

தேக்கு, தோதகத்தி பற்றி மொக்கையனுக்கு அபிப்பிராயம் இல்லை. யாரும் அவற்றைக் கஷாயம் வைத்துக் குடித்ததில்லை. மரங்களில் அவர் கேரண்டி கொடுத்தது முருங்கைக்கு மட்டும்தான். "கீரையே அவ்வளவு சூடுன்னா, மரம் எவ்வளவு இருக்கும்!" கதவு, நிலை, உத்தரம் எல்லாம் முருங்கை என்று முடிவாயிற்று.

கருப்பம்மாள் எழுந்தாள். "ஐயா, முருங்கைக் கொப்புல காக்கா உக்காந்தாலே ஒடியுமே?"

"பதிவு பண்ணிக்க பால்பாண்டி" என்றார் வெள்ளைத்துரை பெருந்தன்மையாக. "காக்கா உட்காரக் கூடாது."

கடைசியில், சுண்ணாம்பைக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைப்பது, மேல்பூச்சுக்குச் சுக்குப் பொடியும் மிளகுப் பொடியும் சேர்ப்பது, தரைக்குக் கொள்ளு பரப்பி இடிப்பது என்று முடிவாயிற்று. பப்பாளியை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாததால் அது மேலிட முடிவுக்குப் போயிற்று.

பப்பாளி என்றதும்தான் கருப்பம்மாளுக்கு ஒரு பயம் வந்தது. கூட்டம் கலைகிறபோது வெள்ளைத்துரையை மறித்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். மாசமா இருக்கிற பிள்ளைக்குச் சூடு ஆகாதே. பப்பாளியைக் கண்ணுல காட்ட மாட்டோமே. எள்ளுருண்டைகூடக் கொடுக்க மாட்டோம்."

வெள்ளைத்துரை அவளைப் பரிவோடு பார்த்தார்.

"அம்மா, திட்டத்துல கர்ப்பிணின்னு ஒரு வார்த்தை இருக்கு. உஷ்ணம்னு ஒரு வார்த்தை இருக்கு. ரெண்டையும் வேற வேற பக்கத்துல போட்டிருக்கோம். நீங்க ஏன் சேர்த்துப் படிக்கிறீங்க?"

கருப்பம்மாளுக்கு எந்தப் பக்கத்தையும் படிக்கத் தெரியாது. ஜீப்பு பிடித்து மலையேறினாள்.

வேலை ஆரம்பித்தது. கொத்தனார் அமாவாசை மேல்பூச்சு பூசிய அன்றைக்கு, அவர் தும்மிய தும்மலுக்கு எதிர்ச்சரிவில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேட்டு வைக்கிறார்கள் என்று நினைத்து வேலையை விட்டு ஓடினார்கள். சித்தாள் இருவர், சம்பளம் வேண்டாம், கண்ணு போதும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். அமாவாசை மட்டும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, இதுல பாதியை ரசத்துல போட்டிருந்தா எஸ்டேட்டே நல்லாச் சாப்பிட்டிருக்கும்" என்றார்.

சுவர் காய்வதற்குள் எறும்பு வந்தது. கருப்பட்டி வாசனை மலையில் இருந்த எல்லா எறும்புக்கும் எட்டிவிட்டது. பொறியாளர் ஜீப்பில் வந்து பார்த்து, எறும்பை விலக்க மஞ்சள் பூசச் சொல்லி, மஞ்சளும் உஷ்ணம்தான் என்று மொக்கையனிடம் அவசர அவசரமாக ஒப்புதல் வாங்கினார். மஞ்சள் பூசியதும் எறும்பு கொஞ்சம் ஒதுங்கியது. குரங்கு நெருங்கியது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு பெரிய கூட்டம் உட்கார்ந்து தெற்குச் சுவரை நக்கியது. வாரியம் குரங்கைத் துரத்த ஒரு காவலாளியைப் போட்டது. அவனும் மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத நாட்களில் சுவர்ப்பக்கம் போய் வந்ததாகச் சொல்வார்கள்.

பிறகு சாரல் பிடித்தது. தரையில் பரப்பி மண்ணோடு இடித்திருந்த கொள்ளு முளைவிட்டது. குளியலறைக்குள் பச்சைப்பசேலென்று ஒரு சின்ன வயல்.

"இதென்னய்யா இது?" என்று கோட்டைச்சாமி வாயைத் திறந்து கேட்டார். அவர் பேசுவதே அபூர்வம்.

"இயற்கைப் பொருள்னா வளரத்தானே செய்யும்?" என்றார் வெள்ளைத்துரை. "சிமெண்ட்டு வளருமா?"

இதற்கு நடுவில் ஒரு நாள், ஓடையிலிருந்து தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த கறுப்பு ரப்பர்க் குழாயை வாரியத்து ஆட்கள் சுருட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டதற்கு, "விதிப்படி" என்றார்கள். புதுக் குழாய் போடப் போகிறார்கள் என்று கருப்பம்மாள் சந்தோஷப்பட்டாள். அவள் நினைத்த மாதிரியே பளபளவென்று ஒரு பித்தளைக் குழாயைச் சுவரில் பதித்தார்கள். பித்தளையும் உஷ்ணமாம்.

அதுவரைக்கும் எங்கேயாவது குளிக்க வேண்டுமே. கோட்டைச்சாமி பழைய கம்பையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு போய் ஸ்டோருக்குப் பின்பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டினார். உள்ளே அடுப்பு எரிவதால் அந்தச் சுவர் எப்போதும் கதகதவென்று இருக்கும். ஏலக்காய் காயவைக்கிற தட்டில் உடைந்துபோன பலகை இரண்டைக் காலுக்குப் போட்டார். தண்ணீரை ஓடையிலிருந்து குடத்தில் சுமந்து வந்தார். அவ்வளவுதான்.

திறப்பு விழா நாள் குறித்தார்கள். சென்னையிலிருந்து வாரியத் தலைவரே வருகிறார் என்றார்கள். கருப்பம்மாள் பொட்டிபுரத்துக்கு ஆளிடம் சொல்லிவிட்டாள்: 'மதினி, பாத்ரூம் ரெடி. மதராசு ஆபீசரே வந்து தெறக்காரு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வெரசா வாங்க.'

சொன்னபடி சுருளியம்மாள் வந்தாள். ஜீப்பிலிருந்து முதலில் ஒரு டிரங்குப் பெட்டி எட்டிப் பார்த்தது, அப்புறம் சந்திரவல்லியின் வயிறு, அப்புறம் சந்திரவல்லி. "ஆத்தா" என்று அவள் சிரித்த சிரிப்பில் கருப்பம்மாளுக்கு முருங்கை, மிளகு எல்லாம் மறந்துபோயிற்று.

சுருளியம்மாள் நேரே குளியலறைப் பக்கம் போனாள். சுவரை முகர்ந்து பார்த்தாள். ஒரு தும்மல் போட்டாள். வாசலில் புதிதாக மாட்டியிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பால்பாண்டி கடைசி நேரத்தில் மொக்கையனைக் கலந்துகொண்டு எழுதி மாட்டியது அது: 'கர்ப்பிணிகள், கைப்பிள்ளைத் தாய்மார்கள், பித்த உடம்புக்காரர்கள் உள்ளே வரக்கூடாது.'

"என்ன மதினி இது? இது பாத்ரூமா, லேகியமா?"

"இல்ல மதினி, அது வந்து..."

"இந்தச் சூட்டுக்குள்ள ஒரு நாளு குளிச்சா என் பேரப்பிள்ளை என்னத்துக்கு ஆகும்? நல்லாச் சொன்னீக போங்க. சந்திரவல்லி, வண்டியில ஏறு."

"அத்தை, இப்பத்தானே எறங்குனேன்..."

"ஏறுன்னா ஏறு!"

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். அந்த ஒரு டீ அளவுக்குத்தான் கருப்பம்மாளுக்கு அவகாசம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்திரவல்லியும் விடவில்லை.

அதே நேரத்தில் தலைவர் வந்து சேர்ந்தார். நல்ல சரீரம். போடியிலிருந்து குரங்கணி வரை வந்த ரோட்டுப் புழுதி முழுவதும் அவர் மேல்தான் இருந்தது. ரிப்பனை வெட்டியதும், "நானே முதல்ல குளிச்சுத் தொடங்கி வைக்கிறேன்" என்று சொல்லி, துண்டோடு உள்ளே போய்விட்டார். கூட்டம் கைதட்டியது. குரங்குகள் ஒரு கிளை மேலே ஏறி உட்கார்ந்தன.

வெள்ளைத்துரை ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நாட்டில் எத்தனையோ குளியலறைகள் உள்ளன. அவை எல்லாம் ஆட்கள் உபயோகித்து உபயோகித்துப் பாழாகிவிட்டன. நமது வாரியத்தின் குளியலறையை இன்றுவரை ஒருவர்கூட உபயோகித்ததில்லை என்பதைப் பெருமையோடு..."

உள்ளேயிருந்து ஒரு தும்மல்.

"...பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இந்தக் கட்டடத்தைப் பயனாளிகளிடமிருந்து பாதுகாக்க ஒரு காவலாளியும்..."

வரிசையாகத் தும்மல். அப்புறம் 'ஐயோ' என்று ஒரு சத்தம். குழாயைத் திருகுகிற கிறீச் சத்தம், திரும்பத் திரும்ப. அப்புறம் யாரோ வேகமாகக் கதவை இழுக்கிற சத்தம்.

முருங்கைக் கதவு திறக்கவில்லை. அப்படியே கையோடு வந்துவிட்டது. இடுப்பில் துண்டும் கையில் கதவுமாகத் தலைவர் வெளியே வந்தார். வியர்த்த முதுகு முழுவதும் சுக்கும் மிளகும் மஞ்சளும் அப்பியிருந்தன. மஞ்சளுக்கு ஒதுங்கிய எறும்புகள் எல்லாம் கதவுப் பொந்துகளில்தான் ஒதுங்கியிருந்தன என்பதும், அவை அவர் கையில் ஏறியபோது தெரிந்தது.

"எரியுதே! தண்ணி! யாராவது தண்ணி கொடுங்கய்யா!"

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் மேல் தண்ணீர் ஊற்ற யாருக்கு அதிகாரம் என்பது விதியில் இல்லை. கருப்பம்மாள் மகள் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

"சாமி, இப்படி வாங்க. கதவைக் கீழ போட்டுட்டு வாங்க!"

ஸ்டோர் அடுப்பில் எப்போதும் போல ஒரு பெரிய பானை வெந்நீர் இருந்தது. கோட்டைச்சாமி அதைத் தூக்கி வந்து பதமாக விளாவி வைத்தார். தலைவர் சாக்கு மறைப்புக்குள் புகுந்தார். கொஞ்ச நேரம் செம்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு முனகல். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, மெதுவாக ஒரு பாட்டு முணுமுணுப்பு.

"இன்னும் ஒரு பானை கிடைக்குமா?" என்று சாக்குக்கு மேலே ஒரு கை நீண்டது.

இதையெல்லாம் சுருளியம்மாள் ஜீப்பில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பம்மாளைக் கிட்டக் கூப்பிட்டாள். குரலைத் தணித்தாள்.

"மதினி, குளிக்கிறாரே, அவரு ஆபீசரா?"

"ஆபீசருக்கெல்லாம் ஆபீசராம், மதினி."

"எங்க எதிர்வீட்டு ஆபீசருக்கும் மேலயா?"

"அவரு இவரைக் கண்டா எந்திரிச்சு நிக்கணுமாம்."

சுருளியம்மாள் சாக்கு மறைப்பை இன்னொரு தடவை பார்த்தாள். அதற்கு மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது. பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது. பொட்டிபுரத்தில் இதை யார் யாரிடம் எப்படிச் சொல்லலாம் என்று ஒரு கணக்கு அவள் முகத்தில் ஓடியது.

"ஏப்பா டிரைவரு! டீ குடிச்சது போதும். அந்த டிரங்குப் பெட்டியை எறக்கு" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "அந்த ஆபீசரு வெளிய வரட்டும். அடுத்து நீ போயிக் குளி" என்றாள்.

சந்திரவல்லி அம்மாவைப் பார்த்தாள். இருவரும் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

தலைவர் வெளியே வந்தார். முகம் சிவந்து, கண் தெளிந்து, புது ஆளாக இருந்தார். கோட்டைச்சாமி கொடுத்த துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே வெள்ளைத்துரையைக் கூப்பிட்டார். வெள்ளைத்துரை, விழுந்து கிடந்த கதவைத் தாண்டி ஓடி வந்தார்.

"மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மிஸ்டர். சுவர்ல அவ்வளவு பெரிய பித்தளைக் குழாய் வச்சிருக்கீரு. திருகித் திருகிக் கைதான் வலிச்சது. ஒரு சொட்டுத் தண்ணி வரலையே, ஏன்யா?"

வெள்ளைத்துரை இடுப்பு வரை குனிந்தார்.

"தண்ணி குளிர்ச்சிங்க சார். அதை மொதக் கூட்டத்துலயே நீக்கிட்டோம்."